ஐந்தாவது பையனின் ஊர்

கலிஃபோர்னியாவின் 99-ஆம் எண் நெடுஞ்சாலை மெக்ஃபார்லண்ட் ஊரை நடுவே வகிர்ந்துகொண்டு போகிறது. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். லாரிகளும் கார்களும் இந்த ஊரை ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,707. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மெக்சிகோ உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்கள். சுற்றிலும் பாதாம், திராட்சை, பிஸ்தா, ஆரஞ்சுத் தோட்டங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மூடுபனியில் எதிரே வரும் வண்டி தெரியாது.

நம் கடைகளில் 'கலிஃபோர்னியா பாதாம்' என்று எழுதி விற்கிறார்களே, அது இந்த ஊர் இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கின் விளைச்சல். அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் பாதாமை மிக அதிகமாக வாங்குவது இந்தியாதான். ஆகஸ்ட் மாதம் அறுவடை தொடங்கும். ஒரு இயந்திரம் வந்து மரத்தின் அடியை இறுகப் பிடித்துச் சில நொடிகள் உலுக்கும். மரத்திலுள்ள காய்கள் முழுவதும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த காய்கள் சில நாள் தரையிலேயே காயும். பிறகு கூட்டி வாரிச் சேர்ப்பார்கள். அப்போது எழும் புழுதி ஊர் மேல் கவிந்து நிற்கும். பாதாமுக்கு இயந்திரம் வந்தது போலத் தின்னும் திராட்சைக்கு வரவில்லை. அதைக் கையால்தான் பறிக்க வேண்டும். கொடியின் அடியில் குனிந்து, கத்தரியால் கொத்தை வெட்டி, கெட்ட பழங்களைக் கிள்ளியெறிந்து, நசுங்காமல் பெட்டியில் அடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அதனால் வேலைக்குப் போகும் வீடுகளில் விடியும் முன்பே விளக்கு எரியும்.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1965 செப்டம்பரில் தொடங்கிய டெலானோ திராட்சை வேலைநிறுத்தம் உலகம் அறிந்தது. பிலிப்பினோ தொழிலாளர்கள் லாரி இட்லியாங் தலைமையில் முதலில் இறங்கினார்கள். சில நாட்களில் சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் சேர்ந்துகொண்டது. டெலானோ இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே, அந்த வசந்த காலத்தில், மெக்ஃபார்லண்டின் ரோஜாத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். நாள் முழுக்க மண்ணில் முழங்காலிட்டு ஊர்ந்தபடி, ஒவ்வொரு செடியிலும் கத்தியால் கீறி மொட்டைச் செருகிக் கட்டும் வேலை. கைத்திறன் இல்லாதவரால் முடியாது. ஆயிரம் செடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலி கைக்கு வரவில்லை. வேலைக்குத் திரும்புவதில்லை என்று சிலுவையின் மேல் கை வைத்து உறுதி எடுத்தார்கள். முதல் நாள் காலை ஒரு வீட்டில் விளக்கு எரிவதைக் கண்ட, சாவேஸோடு சேர்ந்து சங்கத்தை நடத்திய டொலோரெஸ் ஹுவெர்டா, அந்த வீட்டு வாசலை மறித்துத் தன் வண்டியை நிறுத்திவிட்டார் என்று சங்க வரலாறு சொல்கிறது. சில நாட்களிலேயே கூலி உயர்ந்தது. ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தாகவில்லை. பள்ளத்தாக்கையே புரட்டிப்போட்ட போராட்டத்தின் ஒத்திகை இந்த ஊரில்தான் நடந்தது.

துயரமும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1970-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுக் காலத்தில் இங்கே ஒரு டஜனுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் கண்டது. இவ்வளவு சின்ன ஊருக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கை. தண்ணீரா, பூச்சிமருந்தா, மண்ணா என்று அரசு அலுவலர்கள் பல ஆண்டுகள் சோதித்தார்கள். காரணம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. 1988-ல் பூச்சிமருந்துகளை எதிர்த்து சாவேஸ் 36 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, இந்தக் குழந்தைகளும் அவர் மனத்தில் இருந்தார்கள். விடை தெரியாத அந்தக் கேள்வியோடு பெற்றோர் மறுநாளும் அதே தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

அந்தப் பெற்றோரின் பிள்ளைகள் படித்த பள்ளிதான் மெக்ஃபார்லண்ட் உயர்நிலைப் பள்ளி. அரசு நடத்தும் பொதுப் பள்ளி.  ஜிம் வைட் என்ற இளைஞர் 1964-ல் இந்த ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1980-ல் உயர்நிலைப் பள்ளியின் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணியைக் கையில் எடுத்தார். பிள்ளைகள் அவரை 'பிளாங்கோ' என்று கூப்பிட்டார்கள். ஸ்பானிஷ் மொழியில் வெள்ளை என்று பொருள். அவர் பெயருக்கும் அதே பொருள்தான். பையன்கள் தோப்பு ஓரத்து மண்பாதையில் ஓட, அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூடவே போவார். அவர் மனைவி ஷெரில், அணிக்கு இன்னொரு தாய் மாதிரி.

இந்த ஓட்டத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் இந்த அணி பிறகு அடைந்த வெற்றி விளங்கும். காடுமேடு, புல்வெளி என்று சுமார் 5 கிலோமீட்டர் தூரம். ஒரு பள்ளிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணி ஜெயித்தது. ஒரு பள்ளியின் பையன்கள் முதல் மூன்று இடத்தையும் பிடித்து, நான்காமவன் 30-ஆவதாகவும் ஐந்தாமவன் 60-ஆவதாகவும் வந்தால் கூட்டுத்தொகை 96. இன்னொரு பள்ளியின் ஐந்து பேரும் 14, 16, 18, 20, 22 என்று ஒட்டினாற்போல் வந்தால் 90. மேடையில் முதல் மூவருக்குப் பதக்கம் தொங்கும். கோப்பை அந்தக் கூட்டத்துக்குப் போய்விடும்.

ஆக, ஐந்தாவது பையன்தான் எல்லாம். அவன் பெயர் செய்தித்தாளில் வராது. முன்னால் ஓடுகிறவர்களின் முதுகைப் பார்த்தபடியே முழுத் தூரமும் ஓடுவான். கடைசி 200 மீட்டரில் அவன் இரண்டு பேரைத் தாண்டினால் அணிக்கு இரண்டு புள்ளி குறையும். மூச்சு வாங்கி இரண்டு பேரை விட்டுவிட்டால் இரண்டு கூடும். எத்தனையோ பந்தயங்கள் அந்த இரண்டு புள்ளியில் முடிந்திருக்கின்றன. ஒரே ஒரு மேதை கிடைத்துவிட்டால் போதும் என்று பள்ளிகள் தேடி அலையும் விளையாட்டுகள் உண்டு. இது அப்படியல்ல. சுமாராக ஓடுகிற பிள்ளையின் மேல் எவ்வளவு அக்கறை வைத்தோம் என்பதுதான் இங்கே புள்ளியாக விழுகிறது.

அந்த அக்கறைக்கு இந்த ஊரில் நிறைய வேலை இருந்தது. பல பையன்கள் விடியும் முன் பெற்றோரோடு தோட்டத்தில் பறித்துவிட்டு, பள்ளிக்கு வந்து, மாலையில் ஓடினார்கள். தோட்ட வேலை செய்து செய்து உடம்பு உரம் ஏறியதால்தான் ஜெயித்தார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குனிந்து பறிக்கிற வேலை முதுகை ஒடிக்கும். அது ஓட்டப் பயிற்சி ஆகாது. களைத்து வந்த பையனை 'நாளைக்கும் வா' என்று சொல்ல ஒருவர் இருந்தார், அவன் வராத நாளில் வீட்டுக் கதவைத் தட்டவும் அவர் தயங்கவில்லை. நான் பெருமைப்படுவது அதற்குத்தான்.

கலிஃபோர்னியாவில் கிராஸ் கன்ட்ரிக்கு மாநில அளவிலான போட்டி 1987-ல்தான் முதன்முதலாக நடந்தது. இடம் ஃப்ரெஸ்னோ நகரின் உட்வர்ட் பூங்கா. அந்த முதல் போட்டியிலேயே தங்கள் பிரிவில் மெக்ஃபார்லண்ட் பையன்கள் சாம்பியன். பிறகு 1992 தொடங்கி 1996 வரை வரிசையாக ஐந்து முறை. 1999, 2000, 2001-ல் மறுபடியும். மொத்தம் ஒன்பது பட்டங்கள். நான்கு ஆண்டில் பையன்கள் படிப்பை முடித்து வெளியேறிவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதாவது தம்பிமார்களும், அவர்களுக்குப் பின் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து வந்து இதைச் செய்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் வரிசையாக ஓடிய கதைகள் இங்கே சாதாரணம்.

2015-ல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக எடுத்தது. இயக்கம் நிக்கி காரோ. வைட்டாக கெவின் காஸ்ட்னர். நெஞ்சைத் தொடும் படம்தான். ஆனால் வேறோர் ஊரில் வேலை போய், 1987-ல் புதிதாக வந்து இறங்கி, அதே ஆண்டில் கோப்பையும் வாங்கிவிடுகிறார் படத்து வைட். நிஜத்தில் 1964-க்கும் 1987-க்கும் இடையே 23 ஆண்டுகள். எத்தனை வகுப்புகள், எத்தனை தோல்விகள், எத்தனை வீடுகளின் திண்ணைப் பேச்சு! முதல் கோப்பையில் ஓடிய பையன்கள் எல்லோரும் பிறப்பதற்கு முன்பே அவர் அந்த ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். படம் விட்டுவிட்ட அந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில்தான் கதையே இருக்கிறது என்பேன்.

2000-களின் தொடக்கத்தில் வைட் ஓய்வு பெற்றார். அவரிடம் ஓடியவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். சிலர் அதே பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் திரும்பி வந்தார்கள்.

பள்ளியில் இப்போது இன்னொரு திட்டமும் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற கையோடு பேக்கர்ஸ்ஃபீல்ட் கல்லூரியின் இரண்டாண்டுப் பட்டத்தையும் வாங்கிவிடலாம். பாடங்கள் வேளாண்மையைச் சார்ந்தவை: விவசாய வணிகம், பயிர் அறிவியல், இயந்திரப் பராமரிப்பு போன்றவை. பணம் போட்டுத் துணை நிற்பது, பாதாமும் பிஸ்தாவும் பெருமளவில் விளைவிக்கும் ஒண்டர்ஃபுல் நிறுவனம். முதலாளி தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே தயாரித்துக்கொள்கிறார் என்று சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அம்மா குனிந்து பறித்த தோட்டத்தில் மகள் மண்ணைச் சோதித்து எந்த மருந்து எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்துக்கு வருவது, பூச்சிமருந்தில் இவ்வளவு பட்ட ஊருக்குச் சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் பயிற்சிக்கு இன்றும் அதே நிலம்தான்: ஒரு பக்கம் பாதாம் வரிசை, இன்னொரு பக்கம் திராட்சைக் கொடி, நடுவே மண்பாதை. முன்னால் ஓடும் மூன்று நான்கு பேர் புழுதிக்குள் மறைந்துவிட்டார்கள். கொஞ்சம் பின்தங்கி ஒரு பையன் வருகிறான். அவனுக்காகத்தான் பயிற்சியாளர் கடிகாரத்தை நிறுத்தாமல் கையில் பிடித்திருக்கிறார்.