கையெழுத்து சரி, ஆள் யார்?

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் பத்து நிமிட நடை. பையில் லேப்டாப்போடு பழைய ஸ்கேனரும் இருந்ததால் தோள் இற்றுவிட்டது. போன வாரம் இதே தெருவில் 1,800 ரூபாய்க்கு வாங்கியது. வீட்டில் செருகினால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "டிரைவர் போடணும் சார், எடுத்துட்டு வாங்க" என்றார்கள் போனில்.

கடை மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு எட்டடி இருக்கும். ஈயம் பற்றவைக்கும் வாசனை. கடைப்பையன் ஒரு பென்டிரைவை என் லேப்டாப்பில் செருகி, செட்டப் ஃபைலைத் தட்டினான். அனுமதி கேட்டு நீலப் பட்டையோடு ஒரு பெட்டி வந்தது. அவன் 'எஸ்' கொடுப்பதற்குள் தடுத்துவிட்டேன்.

"ப்ளூ வருது பாருங்க சார். யாருன்னே தெரியாத ஃபைல்னா மஞ்சள் வரும். இது சைன் பண்ண ஃபைல், ஒண்ணும் ஆகாது."

நிறத்தைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். இருந்தாலும் 'நோ' கொடுத்துவிட்டு, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தேன். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாவலில் டீடெயில்ஸ். கையொப்பம் சரி என்றே காட்டியது. இரண்டு வரி கீழே கையொப்பமிட்டவர் பெயர். ஸ்கேனர் கம்பெனி இல்லை. கேள்விப்படாத ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட். சான்றிதழும் போன வருஷம்தான் வாங்கியிருக்கிறார்கள். ஸ்கேனருக்கோ எட்டு வயது.

பச்சை மை கையெழுத்து மாதிரிதான் இதுவும். நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்பதற்கு அத்தாட்சி. ஆள் யோக்கியன் என்பதற்கு இல்லை. சொந்தப் பெயரில் போட்ட கையெழுத்தே காலை வாரியதும் உண்டு. 2017 ஆகஸ்டில் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்தோடு, தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே, உள்ளே வேவு நிரலோடு வந்தது. கையெழுத்துப் போடும் முன்பே கம்பெனிக்குள் ஆள் புகுந்திருந்தான். சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் ஏறியது. வெளியே தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

கமாண்ட் ப்ராம்ப்டில் 'சர்ட்யூட்டில்' கொண்டு ஃபைலின் கைரேகை மாதிரியான ஹேஷை எடுத்தேன். 64 எழுத்து. அதை வைரஸ்டோட்டலில் ஒட்டித் தேடினால், எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களில் மூன்று சிவப்பு.

"மூணுதானே சார்?"

"ஒண்ணுமே வரலன்னாலும் போட மாட்டேன் தம்பி. பேரே இடிக்குதே."

ஸ்கேனரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் படித்து, தயாரித்தவர்களின் தளத்துக்கே போனேன். டிரைவர் அங்கேயே இருந்தது, இலவசமாக. 38 எம்பி, பென்டிரைவில் இருந்தது 61. மிச்சம் 23 எம்பியில் என்ன இருந்ததோ! இதிலும் அதே தாவலைத் திறந்தேன். கம்பெனி பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. போட்டேன். கண்ணாடிக்குக் கீழே விளக்கு நகர்ந்தது.

டிரைவர் போட 300 ரூபாய் என்றிருந்தவர்கள் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. டீ மட்டும் வந்தது. குடித்து முடிப்பதற்குள் பையன் பென்டிரைவைக் கடை கணினியில் செருகி, ஒவ்வொரு ஃபைலாக ரைட் கிளிக் செய்ய ஆரம்பித்திருந்தான். ஏழாவது வரை எட்டிப் பார்த்தேன். நான்கில் அந்தத் தாவலே இல்லை.