நந்தவனத்துச் சுண்ணாம்பு

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெருமாள் கோயில் நந்தவனத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பேணிவருபவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து எம்பெருமானுக்கு மாலை தொடுத்த பெரியாழ்வாரே அவருக்கு வழிகாட்டி. உற்சவ நாட்களில் தாம் வளர்த்த பூவையே சாத்த வேண்டும் என்பது அவர் கொண்ட விரதம்.

சென்ற ஆண்டுக்கு முந்திய மார்கழியில் மல்லிகையைக் கவாத்து செய்தபோது, இலைகள் வெளிறியிருக்கக் கண்டார். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார் அண்டை வீட்டார். முட்டை ஓட்டையும் எலும்புத் தூளையும் இடச் சொன்னார். பெருமாளுக்குரிய மண்ணில் அவற்றை இடப் பெரியவரின் மனம் ஒப்பவில்லை. தாம்பூலத்துக்கு ஆகும் கிளிஞ்சல் சுண்ணாம்பு செடிக்கும் ஆகும் என்று எண்ணி, அதனை வாங்கி நீற்றி, செடிக்கு இரண்டு கையளவு தூரைச் சுற்றி இட்டார்.

மாசியில் வந்த துளிர்களில் நரம்பு மட்டுமே பச்சை; ஏனைய பகுதி முழுதும் மஞ்சள். பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்திற்குப் பூ போதவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாகக் கடையிலிருந்து மாலை வந்தது. பட்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரியவர்தாம் சந்நிதிக்குள் செல்லாமல் கொடிமரத்தருகே நின்று சேவித்துத் திரும்பினார்.

மறுநாள் தோட்டத்தின் பல இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தார். அங்கிருந்த அலுவலர் அதில் ஒரு பிடி எடுத்துச் சில துளி அமிலம் விட்டார். மண் நுரைத்துப் பொங்கியது.

“ஐயா, இது சுக்கான் கல் நிறைந்த மண். சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் அதனை உண்ண முடியாமல் தவிக்கிறது. புளிப்பேறிய மலைமண்ணுக்குச் சுண்ணாம்பு மருந்து. களர் மண்ணுக்கு ஜிப்சம் மருந்து. உங்கள் மண்ணுக்கு இரண்டுமே வேண்டா” என்றார்.

லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, இலை பசுமை பெறும்வரை மாதம் ஒருமுறை தெளிக்குமாறு கூறினார். பெருமாளுக்குச் சாத்திக் களைந்த துளசியையும் மலர்களையும் சாணத்துடன் மக்கச் செய்து, அந்த எருவையும் பெரியவர் தாமே இட்டுவந்தார்.

பக்தியோடு இட்டது ஏன் தீங்காயிற்று என்று பல நாள் அவர் வருந்தியதுண்டு. பசித்தவருக்குச் சோறும் தாகித்தவருக்கு நீரும் தருவதே தொண்டு. வேண்டுவது எதுவெனக் கேளாமல் தருவது, தருபவரின் மனநிறைவுக்கு மட்டுமே உதவும். மண்ணையும் அவ்வாறு கேட்டறிய வேண்டும் என்பதை அந்த மஞ்சள் துளிர்கள் அவருக்கு உணர்த்தின.

அடுத்த பங்குனி உத்திரத்தில் தாயாருக்கும் பெருமாளுக்கும் நந்தவனத்து மல்லிகையே மாலையாயிற்று. மீந்திருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பும் வீணாகவில்லை. கோயில் துளசி மாடத்துக்கு அதனைக் கொண்டே பெரியவர் வெள்ளையடித்தார்.