தேடிப் போகும் குடும்பத்தின் பை



நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் முதலான ஊர்களிலிருந்து பிழைப்பின் நிமித்தமாகக் களியக்காவிளையைக் கடந்து வந்து, திருவனந்தபுரத்தின் கரமனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாடகை வீடுகளில் குடியிருக்கிற அநேகக் குடும்பங்களை நான் அறிவேன். தகப்பன் விடியுமுன்னே வேலைக்குப் புறப்பட்டுப் போகிறார். பிள்ளைகள் உறங்கின பின்பு வீடு திரும்புகிறார். தாய்க்குச் சமையலும் தண்ணீரும் பள்ளிக்கூடமுமே நாள் முழுவதும் சரியாயிருக்கிறது. பிள்ளைகளோ கைப்பேசியை நோக்கிக் குனிந்த தலை நிமிருவதில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்களாய் வாழுகிறோம். அப்படிப்பட்ட குடும்பங்கள் ஒரு விடுமுறை நாளில் சேர்ந்து ஆடத்தக்க ஒரு விளையாட்டைப்பற்றியும், அதற்குக் கொண்டுபோக வேண்டிய பையைப்பற்றியும் இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

அந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு சிறு டப்பாவை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மற்றவர்களுக்கு அறிவிப்பார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கிவிட்டது. அதுவரை நூறு மீட்டர்வரைக்கும் தவறிக்கொண்டிருந்த கருவிகள், அன்றுமுதல் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியை மறைத்து வைத்தார். குறிப்பேடு, பென்சில், புத்தகங்கள், ஒரு கவண் முதலியவை அதற்குள் இருந்தன. ஏதாவது ஒன்றை எடுத்தால் ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன முறை. இன்று உலகமெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் இவ்விதமாய் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நம் பகுதியில் இவ்விளையாட்டை ஆடுகிறவர்கள் சொற்பம். ஆகிலும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், தங்களுக்குள்ளே டப்பாக்களை மறைத்து வைத்து ஆடலாம். எங்கள் சபையின் நான்கு குடும்பங்கள் சென்ற ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று அப்படியே செய்தன. வெள்ளாயணிக் காயலுக்கு அருகே தோட்டம் வைத்திருக்கிற ஒரு சகோதரர் அன்போடு இடங்கொடுத்தார். நானும் உடன் சென்றிருந்தேன்.

முதலாவது, எண்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கரமனை ஏறத்தாழ வடக்கு 8 பாகை 29 நிமிடம், கிழக்கு 76 பாகை 58 நிமிடத்தில் இருக்கிறது. இந்த விளையாட்டிலோ நிமிடத்தின் பின்னே புள்ளி வைத்து மூன்று இலக்கங்கள் எழுதுவார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது 1.85 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பிந்தின முதல் இலக்கத்தில் ஒன்று தவறினால் 185 மீட்டர் விலகிப்போவீர்கள். கடைசி இலக்கத்தில் தவறினால் இரண்டு மீட்டர்கூட இராது. திறந்த வெளியில் கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின்கீழ் அது இன்னும் தடுமாறும். அவ்விடத்தில் கண்களைக்கொண்டுதான் தேட வேண்டும். வழிகாட்டும் வேலையில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறபடியால் பவர் பேங்க் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான தாளில் பேனா எழுதாது. ஆகையால் இரண்டு பென்சில்கள் வேண்டும். நனைந்துபோன குறிப்பேட்டை மாற்றும்படி சில வெள்ளைத் தாள்களும், அவற்றை இட ஒரு ஜிப் கவரும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒரு கோல். டப்பாக்கள் பெரும்பாலும் கற்களின் இடுக்கிலும் மரப்பொந்திலும் சருகின் அடியிலும் இருக்கும். பிள்ளைகள் அவசரத்தில் கையை உள்ளே விடுவார்கள். முதலில் கோலால் தட்டி, டார்ச் விளக்கினால் பார்த்து, பின்பு கையை நீட்டும்படி பழக்குங்கள். ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால் கீறவும் இறுகக் கட்டவும் வேண்டாம்; கடிபட்டவரை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 108, எவ்வித அவசரத்துக்கும் 112. கால்களை மூடும் காலணியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். பொன்முடி போன்ற மலைப்பகுதிக்கு மழைக்காலத்தில் போவீர்களானால், அட்டைக்காக ஒரு பொட்டலம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தையும் காயலையும் கண்டவுடனே பிள்ளைகள் குதிக்க ஆசைப்படுவார்கள். மூக்கின் வழியாய் நீர் ஏறி மூளையைத் தாக்கும் அமீபா நோய் 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. ஆகையால் தேங்கி நிற்கும் நீரில் குளிக்க அனுமதியாதிருங்கள். மாற்றுடைகளைக் கொண்டுபோகாதிருந்தால் அந்த ஆசையும் குறையும்.

மூன்றாவது, உணவு. வாழையிலையில் கட்டின பொதிச்சோறு, அவித்த ஏத்தன்பழம், வீட்டிலிருந்தே பாட்டில்களில் நிரப்பிய காய்ச்சி ஆறின தண்ணீர் ஆகியவை போதும். 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்குக் கேரளத்தில் தடை இருக்கிறது என்பதையும் மறவாதிருங்கள்.

இவையெல்லாம் யாவரும் நினைக்கக்கூடியவைகளே. ஆனால் பையை யாருக்காக நிரப்புகிறோம் என்பதே முக்கியமான கேள்வி. முன்னே ஓடுகிற வாலிபனுக்காக நிரப்பினால் கைப்பேசியும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். நம்மோடு வருகிறவர்களில் முதலாவது சோர்ந்துபோகிறவர் யாரோ, அவருக்காகப் பையை நிரப்ப வேண்டும்.

அன்றைக்கு எங்களோடு அறுபத்தெட்டு வயதுள்ள ஒரு தாயார் வந்திருந்தார்கள். நீண்ட காலமாய்ச் சர்க்கரை வியாதிக்கு மருந்து உட்கொள்ளுகிறவர்கள். புறப்படும் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை ஆகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். மூன்றாம் டப்பாவைத் தேடுகிற வேளையில், பிள்ளைகளெல்லாரும் முன்னே ஓடிவிட, அந்தத் தாயார் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின, பேச்சும் குழறிற்று. அவர்களுடைய மகன் திகைத்துப்போய், வெயிலினால் வந்த மயக்கம் என்றெண்ணி விசிறினார். பத்து வயதுள்ள பேத்தியோ தன் தோளிலிருந்த சிறு பையைத் திறந்து, சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, நாலு கரண்டி தண்ணீரில் கலக்கி, பாட்டியின் வாயருகே கொண்டுபோனாள். கால் மணி நேரத்துக்குள் முகம் தெளிந்தது. அதன் பின்பு இரண்டு இட்டிலிகளையும் சாப்பிடச் செய்தாள்.

"மக்ளே, இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அந்தத் தகப்பன் கேட்டார்.

"தெனமும் நாந்தானேப்பா பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கேன்" என்றாள் அவள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தன் தாய் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதை அந்த மனிதர் அன்றைக்குத்தான், அந்தச் சிறு பையிலிருந்த சீட்டை வாசித்து அறிந்துகொண்டார். அவர் அன்பில்லாதவர் அல்ல. வீட்டில் விழித்திருக்கும் நேரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை தாழ்ந்துபோனவர் நினைவோடிருந்தால் இப்படிச் செய்யலாம். நினைவு தப்பினவருடைய வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

நான்காவது, டப்பாவுக்குள் வைத்துவிட்டு வரும் பொருள். எடுக்கிற பொருளுக்குச் சமமானதையோ, அதிலும் மேலானதையோ வைக்க வேண்டும் என்பது இவ்விளையாட்டின் ஒழுங்கு. தின்பண்டம் வைக்கலாகாது, எறும்பும் எலியும் டப்பாவைத் தேடி வரும். கூர்மையான கருவியும் வைக்கலாகாது. ஒரு சிறுவன் உடைந்த பொம்மைக் காரை வைத்துவிட்டுப் பளபளப்பான சாவிக்கொத்தை எடுக்கப் பார்த்தான். "உனக்குப் பின்பு திறக்கிற பிள்ளை இதைக் கண்டு சந்தோஷப்படுமா?" என்று அவன் தாய் கேட்டாள். சற்று நேரம் யோசித்து, தன் பையிலிருந்த புதிய கலர் பென்சிலை வைத்தான். பின்னே வருகிற, முகம் அறியாத ஒருவருக்காக நல்லதை விட்டுவருகிற பழக்கம், வாடகை வீட்டைக் காலிசெய்யும்போதும் ரயில் பெட்டியை விட்டு இறங்கும்போதும் பிள்ளைகளுக்கு உதவும். ஒரு சாக்குப் பையையும் கொண்டுபோய், வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வாருங்கள். உலகமெங்கும் இவ்விளையாட்டை ஆடுகிறவர்கள் 2002 முதல் இதை ஒரு கடமையாகவே செய்துவருகிறார்கள்.

கொண்டுபோகத் தகாதவைகளும் உண்டு. அயல்நாட்டிலிருந்து வரும் உறவினர் சாட்டிலைட் போனையோ, சாட்டிலைட் வழியாய்ச் செய்தி அனுப்பும் கருவியையோ கொண்டுவரவேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். விமான நிலையம், தும்பாவின் விண்வெளி மையம், பத்மநாபசுவாமி கோயில் முதலிய பாதுகாப்பு மிகுந்த இடங்களின் அருகே டப்பா வைப்பதையும் தேடுவதையும் நினைக்கவே வேண்டாம். கேட்பாரற்ற டப்பாவைக் கண்டால் வெடிகுண்டுப் பிரிவினர் வந்துவிடுவார்கள். வனத்துறையின் காடுகளிலும் எதையும் விட்டுவரலாகாது. உரிமையாளரின் அனுமதி பெற்ற தோட்டமே நமக்குப் போதுமானது.

முடிவாக ஒரு காரியம். போகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயர், வயது, நோய், மருந்து, மருந்தின் வேளை, ஒவ்வாத பொருள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பையின் முன்னறையில் வையுங்கள். முந்தின நாள் சாயங்காலத்தில் வீட்டார் யாவரும் கூடியிருக்கும்போது அதைத் தகப்பன் தன் கையால் எழுதட்டும். தெரியாததைத் தாயிடமும், மனைவியிடமும், பிள்ளைகளிடமும் கேட்டுக் கேட்டு எழுதட்டும்.