ஒன்பது மணிக்கு கேட்டை மூடிருவாங்க, தம்பி!

தலைக்கு நாலாயிரம் ரூபாய். அதற்குள் காடும் பார்க்க வேண்டும், கடலும் பார்க்க வேண்டும். கார் கிடையாது. ரயில், அரசு பஸ், சொந்தக் கால் இவைதான் வாகனம். இப்படி ஒரு தீர்மானத்தோடு ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் கிளம்பினோம். பணப்பையை வைத்திருந்தவருக்கு 'கஜானா' என்று பெயர் வைத்தோம். டீக்குக்கூட கணக்கு எழுதுகிற ஆசாமி.

வழி சுலபம்தான். ராத்திரி சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்; ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். "இறங்கி நடந்தா முன்னாடியே போயிடலாம் போலிருக்கே!" என்றார் கஜானா. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது இந்த நிதானத்துக்கும் சேர்த்துத்தான் என்று சமாதானப்படுத்தினோம். 2024 மே மாதத்தில் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வருகிறவனுக்கு அது தேவையில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அப்படியும் ஒரு சலுகை!

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்குக் கல்லட்டி வழியாகப் போனால் தூரம் பாதி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றிலிருந்த பொங்கலை உத்தேசித்து, கூடலூர் வழியாகவே சுற்றிக்கொண்டு முதுமலைக்குள் நுழைந்தோம். தங்கல் மசினகுடியில், மூன்று பேருக்கு ஒரே ரூம்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், ஒருவர் காதோரமாக வந்தார். "நைட் ஜீப் சார். ரெண்டாயிரம் ரூபாய். யானை கியாரண்டி." காட்டுக்குள் ராத்திரி ஜீப் ஓட்ட அனுமதி கிடையாது. கஜானா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது நண்பருக்கு வந்ததே கோபம்! "யானை பார்க்கத்தானேய்யா இவ்வளவு தூரம் வந்தோம்? ரெண்டாயிரத்துல உன் சொத்தா கரைஞ்சிடும்?" போகவில்லை. அன்று ராத்திரி ரூமில் பேச்சுவார்த்தையும் இல்லை.

மறுநாள் வனத்துறை வேனில் போனோம். புள்ளிமான், மயில், ஒரு காட்டெருமையின் பின்பக்கம். சாயங்காலம் தெப்பக்காடு முகாமில், வளர்ப்பு யானைகளுக்கு ராகிக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்த்தோம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படம் எடுத்த இடம். "இது வீட்டு யானை, கணக்குல சேராது" என்று மூன்றாவது நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு கர்நாடக எல்லை தாண்டி, பந்திப்பூர் வழியாக குண்டலுப்பேட்டை போகிற பஸ். அங்கே பஸ் மாறி, முத்தங்கா காடு, சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோடு. இந்த இரண்டு ரோட்டிலும் ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி ஓடக் கூடாது என்று 2009-ல் தடை வந்தது. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் மட்டும்தான் விலக்கு.

பந்திப்பூர் தாண்டுவதற்குள் டிரைவர் இன்ஜினை அணைத்தார். ரோட்டை மறித்துக்கொண்டு நாலு யானைகள், நடுவில் ஒரு குட்டி. பஸ்ஸில் கைக்குழந்தைகூட அழவில்லை. நாற்பது நிமிஷம் சாவகாசமாக நின்றுவிட்டுப் போயின. மூன்றாவது நண்பர் கஜானாவின் தோளைப் பிடித்து, "ஓசியிலயே காட்டிட்டாங்கப்பா!" என்றார். சண்டை தீர்ந்தது.

ஆனால் குண்டலுப்பேட்டையில் இறங்கும்போது மணி ஒன்பதைத் தொட்டிருந்தது. கோழிக்கோடு பஸ் போயே போய்விட்டது. யானைக்காகப் போட்ட கேட்டை யானையாலேயே கோட்டை விட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்!

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், சேலத்துப் பக்கம். கேரளாவுக்குக் காய்கறி லோடு. "ஒன்பது மணிக்கு கேட்டை மூடிருவாங்க, தம்பி. இனி காலையிலதான்" என்றார். தக்காளி வீணாகாதா என்று கேட்டேன்.

"ஆகும்தான். மொதல்ல நானும் திட்டுனேன். ஆனா முன்னாடி ராவோட ராவா ஓட்டுவோம் பாருங்க, கண்ணைச் சொருகும். லைட்டு வெளிச்சத்துல மான் அப்படியே நிக்கும். பிரேக் போட்டா லோடு சாயும். அடிச்சிட்டுப் போயிட்டே இருப்போம். அப்படி எத்தனைன்னு நான் எண்ணலை. இப்ப ஒன்பதுக்குப் படுத்தா அஞ்சரைக்குத்தான் எழுந்திருக்கேன்."

வயநாட்டுக்காரர்களுக்கு வேறு நியாயம் இருக்கிறது. தடையை எதிர்த்து 2019-ல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள். சொந்த ஊர் ரோடு தினமும் ஒன்பது மணி நேரம் மூடிக் கிடந்தால் யாருக்குத்தான் வலிக்காது? யானைக்கும் அது சொந்த ஊர் என்பதுதான் சிக்கல்.

ஆறு மணிக்கு கேட் திறந்தது. தாமரச்சேரிச் சுரத்தில் ஒன்பது வளைவுகள் இறங்கி, மதியம் கோழிக்கோடு. 1498-ல் வாஸ்கோடகாமா வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் காப்பாட்டுக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்க் கால் நனைத்தோம். திரும்பி வந்து கோழிக்கோடு கடற்கரையில் ஆளுக்கொரு சுலைமானி. இருட்டிய பிறகும் கூட்டம் கலையவில்லை. கடலுக்கு ஏது கேட்?

கஜானா பையைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ஜீப்புக்குச் சண்டை போட்ட நண்பர் வாட்ச்சைப் பார்த்தார். மணி எட்டே முக்கால்.

"அந்த லாரிக்காரர் லோடு இறக்கிட்டுத் திரும்பியிருப்பாரே. கேட்டைத் தாண்டியிருப்பாரா?" என்றார்.