ஹீலியம் தீர்ந்த பிறகு...

கையில் டார்ச் லைட்டை எரியவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே மின்மினிப் பூச்சியைத் தேடினால் கண்ணில் படுமா? அகச்சிவப்புத் தொலைநோக்கியின் பிரச்சினையும் இதேதான். சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். தொலைநோக்கியின் உடம்பும்கூட! அதைக் குளிர வைக்காவிட்டால், தன் வெளிச்சத்தில் தானே குருடாகிவிடும்.

அதனால்தான் 2003 ஆகஸ்ட் 25-ல் நாசா ஏவிய ஸ்பிட்சர் தொலைநோக்கியோடு சுமார் 360 லிட்டர் திரவ ஹீலியத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். பூமியின் சூடு படக்கூடாது என்று, அதைப் பூமியைச் சுற்றவிடாமல், பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றும்படி விட்டார்கள். ஹப்புளின் ஆடி 2.4 மீட்டர், இதற்கோ வெறும் 85 செ.மீ. மிக மிகத் தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களைப் பார்க்க என்று இதை வடிவமைக்கவும் இல்லை.

2009 மே 15-ல் ஹீலியம் தீர்ந்துபோனது. மூன்று கருவிகளில் இரண்டின் வேலை முடிந்தது. மூன்றாவதான கேமராவிலும் நான்கு அலைநீளங்களில் 3.6, 4.5 மைக்ரான் என்ற இரண்டுதான் மிஞ்சின. 'சூடான' ஸ்பிட்சர் என்று பெயர் வைத்தார்கள். சூடு என்றால் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 243 டிகிரி செல்சியஸ் அளவில்! மிஞ்சிய இரண்டுக்கும் அந்தக் குளிரே போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொலைதூர மண்டலங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த இரண்டுதான். பிரபஞ்சம் விரிய விரிய, வழியில் வரும் ஒளியின் அலையும் நீள்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் திசையில் ஜி.என்-இசட்11 என்றொரு மண்டலம் இருக்கிறது. அதன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 43 கோடி ஆண்டுகள்தான். வந்து சேர்வதற்குள் அலை கிட்டத்தட்ட 12 மடங்கு நீண்டுவிட்டது. ஊதா நிறமாகக் கிளம்பியது, 4.5 மைக்ரான் அகச்சிவப்பாக வந்து நிற்கிறது. ஹப்புளுக்கு அது தெரியாது, ஸ்பிட்சருக்குத் தெரியும். 2016-ல் இந்த மண்டலத்தைப் பற்றி அறிவித்தபோது, அதன் விண்மீன்களின் மொத்த எடை சுமார் 100 கோடி சூரியன்கள் என்று கணக்கிட ஸ்பிட்சரின் படங்களும் உதவின.

சின்ன ஆடிக்கு மங்கலான ஒளி எப்படிச் சிக்கியது? பொறுமைதான். ஒரே இடத்தை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 2019-ல் வந்த ஓர் ஆய்வுக்காக 200 மணி நேரத்துக்கும் மேல் உற்றுப் பார்த்து, 135 ஆதிகால மண்டலங்களை அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அவை பிரகாசமாக இருந்தன.

2020 ஜனவரி 30-ல் ஸ்பிட்சரின் பணி முடிந்தது. 2021 டிசம்பர் 25-ல் கிளம்பிய ஜேம்ஸ் வெப், 6.5 மீட்டர் ஆடியோடு இன்னும் தொலைவைப் பார்க்கிறது. ஜி.என்-இசட்11-இன் தூரத்தையும் அதுதான் துல்லியமாகத் திருத்தியது.

ஆனால் 2009-லேயே "ஹீலியம் தீர்ந்தது, மூட்டையைக் கட்டலாம்" என்று முடிவெடுத்திருந்தால்? ஸ்பிட்சர் குளிரோடு வேலை செய்தது ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். குளிர் போன பிறகு வேலை செய்தது பத்து ஆண்டுகளுக்கும் மேல்!