எங்க கையில செஞ்சதை யாரு வாங்குவா?

கொமரலிங்கத்தில் எங்க வளவுப் பொம்பளைகள் நாப்கினைக் காசு கொடுத்து வாங்கிப் பழகியவர்கள் இல்லை. பனியன் கம்பெனி வேனில் போகிறவர்கள் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் வேஸ்ட் துணியை மடியில் சொருகிக்கொண்டு வருவார்கள். அதுதான் மூணு நாளைக்கும். சாயத்துணியாக இருந்தால் அரிக்கும், தொடை புண்ணாகும். அந்தப் புண்ணோடு பொழுதன்னிக்கும் நின்னு செக்கிங் பார்க்கோணும்.

அப்போதுதான் கோயமுத்தூர் முருகானந்தம் செய்த மிஷினைப் பற்றி எங்க குழுவில் பேச்சு வந்தது. நெசவுக் குடும்பம், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். 1998-ல் கல்யாணமான புதுசில், பொண்டாட்டி பழந்துணியை ஒளித்து வைப்பதைப் பார்த்து ஆரம்பித்தவர். பெரிய கம்பெனி நாப்கினுக்குள்ளே இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே ரெண்டு வருசத்துக்கு மேல் போச்சு. ஆட்டு ரத்தத்தை ஃபுட்பால் பிளாடரில் ரொப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. பொண்டாட்டியும் தாயும்கூட விட்டுவிட்டுப் போய், பிறகுதான் திரும்பி வந்தார்கள். 2016-ல் பத்மஸ்ரீ. மரக்கூழை அரைக்க, அச்சில் அமுக்க, ஒட்ட, விளக்கில் வைத்துக் கிருமி நீக்க, அவ்வளவுதான் மிஷின். அதைப் பெரிய முதலாளிகளுக்குக் கொடுக்காமல் பெண்கள் குழுக்களுக்கே விற்றார் என்பதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

ஆறு பேர் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டு கடன் கேட்கப் போனோம்.

"ஏம்மா, துணி சும்மா கெடைக்கறப்ப காசு குடுத்து யாரு வாங்குவா? மார்க்கெட் எங்க இருக்கு?" என்றார் ஆபீசர். நியாயமான கேள்விதான். பதிலும் வைத்திருந்தோம். ரெண்டு வேன் பொண்ணுகளிடம் என்ன விலை கட்டும், மாசத்துக்கு எத்தனை வேணும் என்று கேட்டு எழுதியிருந்தோம். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம். பேனாவைக் கீழே வைத்தார். "நான் தப்பாச் சொல்லலீங்மா. உங்க கையில செஞ்சத ஊருக்குள்ள யாரு வாங்குவா, நீங்களே சொல்லுங்க."

அடுத்து உடுமலையில் ஒரு வியாபாரி. பணம் போடுகிறேன் என்றார். ஆனால் கவர் மேல் எங்க விலாசம் வரக்கூடாது, பாக்கெட் போடுவது அவர் குடோனில், அவர் ஆளுகள் கையால். "பேரு எதுக்கு புள்ள, காசு வந்தாப் பத்தாதா?" என்று எங்களில் மூத்தவளே கேட்டாள். ரெண்டு மாசம் எங்களுக்குள்ளேயே சண்டை.

அமெரிக்காக்காரன் போடுற ஜட்டிக்கு எலாஸ்டிக் வைக்கிறது எங்க கை. அதை யாரும் மோந்து பார்த்ததில்லை. அந்த அமெரிக்காவில் நாப்கினை மருத்துவச் சாதனம் என்றே சட்டம் சொல்கிறது. இங்கே 2017 ஜூலையில் பொட்டுக்கும் வளையலுக்கும் வரி இல்லை, இதற்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி.; ஒரு வருசம் கத்தின பிறகு எடுத்தார்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-லிருந்து 24 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேர் துணியும் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டில் பாதிப் பொண்ணுகள் மார்க்கெட் இல்லையாம்! ஊர்க்காரப் பொண்ணுக்கு மாசத்தில் மூணு நாள் தூரம். எங்களுக்கு முப்பது நாளும். அந்தக் கணக்கை வைத்துத்தான் மார்க்கெட்டைப் பார்க்கிறார்கள்.

கடைசியில் வியாபாரியிடம் போகவில்லை. சீட்டுப் பணத்தைப் போட்டு, மூடிப்போன ஒரு குழுவிடமிருந்து பழைய மிஷின் வாங்கினோம். கரண்ட் இல்லாவிட்டால் வேலை நிற்கும், மரக்கூழ் விலை ஏறினால் லாபம் போயிரும். அதெல்லாம் எந்தத் தொழிலிலும் உள்ளதுதான். கவரில் ஊர்ப் பேரும் தெருப் பேரும் அச்சடித்தோம். வேன் பொண்ணுகள் சம்பள நாளில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

போன மாசம் ஊருக்குள்ளேயிருந்து ஒரு பொண்ணு, நல்லா இருட்டின பிறகு வந்தாள். ரெண்டு பாக்கெட் கேட்டாள். காசைத் திண்ணையில் வைத்தாள். அங்கேயே நின்று கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.