பசியை அடக்க ஒரு மருந்து

உடற்பருமனுக்கென்றே செய்யப்பட்ட, பசியை அடக்கும் ஊசி 2025-ஆம் ஆண்டு நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. "நோன்பு நோற்கும் சமுதாயத்திற்கு ஊசி எதற்கு? வாயைக் கட்டினால் போதாதா?" என்று பெரியவர்கள் பலர் கேட்கின்றனர். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளவு வகுத்துத் தந்திருக்க, இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் என் லாத்தாவின் மகளை அறிந்த எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. ரமளான் நோன்பு நோற்று, விடுபட்டவற்றையும் களாச் செய்து முடிப்பவள் அவள். அவளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லையென்று எவ்வாறு கூறுவது? இருந்தும் வலீமா விருந்துகளில் எல்லோரும் அவளுடைய தட்டைத்தான் பார்க்கின்றனர்.

1994-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். உடலின் கொழுப்பு இருப்பை மூளைக்கு அறிவிக்கும் தூதுவன் அது. உடல் இளைத்தால் லெப்டின் குறைகிறது. உடனே மூளை பசியைக் கூட்டிவிடுகிறது. மெலிந்தவர் மீண்டும் பருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பசியை அடக்க வந்த மாத்திரைகளின் வரலாறு துயரமானது. ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. ரிமோனபன்ட் மனச்சோர்வை உண்டாக்கியதால் 2008-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமினால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுவது தெரிந்து, 2010-இல் அது அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது. ஆனால் முற்றிலும் ஒழியவில்லை. மூலிகை என்று விற்கப்படும் மெலிவு மருந்துகள் சிலவற்றில் அது இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அதற்குப் பின்னரும் சோதனைகள் காட்டியுள்ளன. லாத்தா மகளும் அத்தகையதொரு பொடியை மூன்று மாதம் பாலில் கலந்து குடித்தாள். உள்ளே என்ன இருந்தது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்!

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். உணவு உண்டதும் நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது; ஆனால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற பல்லியினத்தின் நஞ்சில், அதைப் போலவே வேலை செய்து நீண்ட நேரம் நிலைக்கும் பொருளொன்றை 1992-இல் மருத்துவர் ஜான் எங் அறிவித்தார். அதன் வழியில் 2005-இல் நீரிழிவு மருந்தொன்று வந்தது. இன்று பேசப்படும் செமாகுளுடைடு பல்லியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. மனிதச் சுரப்பையே சற்று மாற்றி, ஈஸ்ட் கொண்டு உருவாக்கப்படுவது. ஹலால் குறித்துக் கவலையுறும் சகோதரிகள் இதை அறிவது நல்லது. ஊசியில் சேரும் பிற பொருள்களை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆய்வொன்றில், 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு குறைந்தது. குமட்டலும் வாந்தியும் பலருக்கு உண்டு. மருந்தை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே ஒரு மாத ஊசியின் விலையைக் கேட்பவர்கள், எத்தனை ஆண்டுகள் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். லாத்தா மகள் அடுத்த மாதம் மருத்துவரைக் காணச் செல்கிறாள், இன்ஷா அல்லாஹ்.